பாதி உங்களுக்கு

1

நான் பணியாற்றும் கல்லூரியில் மாலை நாலரை மணிக்குமேல் வகுப்பறைகளை ஒட்டிய தாழ்வாரத்தில் நடந்தால் ஒரு காட்சி தவறாமல் காணக் கிடைக்கும். ஆளில்லாத அறைகளில் மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கும். வெயில் இன்னும் தணிந்திராத வேளையிலும் குழல்விளக்குகள் எரியும். பல ஆண்டுகளாக நானே ஒவ்வோர் அறையாக நுழைந்து சுவிட்சுகளை அணைத்து வந்தேன். ஒருநாள் முதுகலை மாணவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்: "ஐயா, இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

கிண்டலாகக் கேட்கப்பட்டாலும் அது நேர்மையான கேள்வி. எனக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. மாணவர்களுக்கும் கிடைக்காது. மின்கட்டணத்தை யாரோ எங்கிருந்தோ கட்டுகிறார்கள். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழியை உண்டாக்கியவர்கள் பொதுக்கட்டடங்களின் பொருளாதாரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். நெய்க்கு உரியவர் பரிமாறும் இடத்தில் இல்லை. பரிமாறும் கைக்கோ நெய்யின் விலை தெரியாது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோதுதான் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கட்டடத்தின் ஆற்றல் கணக்கைக் கையில் எடுத்த ஒரு வரலாறு எனக்குத் தெரியவந்தது. அதில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று ஜெர்மனியில் தொடங்கி ஐரோப்பாவின் பல நாட்டுப் பள்ளிகளை இணைத்தது. மற்றொன்று நார்வேயில் தொடங்கி, சிதறிப்போன சோவியத் நாடுகளின் வகுப்பறைகளுக்குச் சென்றது. இரண்டும் 'சேமிப்பு' என்ற ஒரே சொல்லைப் பேசின. ஆனால் அந்தச் சொல் இரண்டிடத்திலும் ஒரே பொருளைத் தரவில்லை.

2

கதையின் முன்கதை 1973இல் இருக்கிறது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த அரபு–இஸ்ரேல் போரை ஒட்டி, அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. சில நாடுகளுக்கு அடியோடு நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை 1974 சனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. நவம்பர் 4 அன்று நெதர்லாந்தும், நவம்பர் 25 அன்று மேற்கு ஜெர்மனியும் கார்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தொடங்கின. மேற்கு ஜெர்மனியில் அத்தகைய ஞாயிறுகள் நான்கு. விரைவுச்சாலைகளில் மக்கள் நடந்து சென்றனர், மிதிவண்டி ஓட்டினர். அப்புகைப்படங்களை இன்று பார்த்தால் ஏதோ திருவிழா என்றே தோன்றும்.

பள்ளிகளைத் தொட்ட நடவடிக்கைகளில் ஆஸ்திரியாவினுடையது சுவையானது. பள்ளிக் கட்டடங்களைச் சூடாக்கும் எண்ணெயை மிச்சப்படுத்த, 1974இல் பிப்ரவரி மாதத்தில் ஒரு வார விடுமுறை அறிவிக்கப்பட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ஆற்றல் விடுமுறை'. நெருக்கடி தீர்ந்தது, விடுமுறை மட்டும் தீரவில்லை. குடும்பங்கள் அந்த வாரத்தில் பனிச்சறுக்கு விளையாட மலைகளுக்குப் புறப்பட்டன. விடுதிக்காரர்களுக்கு அது நல்ல பருவமாயிற்று. பின்னர் 'அரையாண்டு விடுமுறை' என்று பெயர் மாறி, நிலைத்தும் விட்டது. எண்ணெயை மிச்சப்படுத்தப் பிறந்த ஒரு வாரம், கார்களில் மலையேறும் வாரமாக முடிந்த முரணை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. அக்காலச் சிக்கனத்தின் தன்மை அத்தகையது. அது மேலிருந்து வந்த ஆணை. ஆணை இருக்கும்வரை மக்கள் பணிந்தனர். ஆணை நீங்கியதும் பழைய வழிக்குத் திரும்பினர். பள்ளிக்கூடம் மூடப்பட்டபோது எண்ணெய் மிச்சமானது உண்மை. ஆனால் தங்கள் பள்ளி எவ்வளவு எண்ணெயை எரிக்கிறது என்பதை ஒரு மாணவனும் அதனால் அறிந்துகொள்ளவில்லை.

3

இருபது ஆண்டுகள் கழித்து, 1994இல், ஹாம்பர்க் நகரம் வேறொரு வழியை முயன்றது. அதற்கு இட்ட பெயர் 'ஃபிஃப்டி ஃபிஃப்டி', அதாவது பாதிக்குப் பாதி. விதி மிக எளியது. பள்ளிகளின் வெப்பம், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றுக்கு நகர நிர்வாகம் பணம் கட்டி வந்தது. புதிய பொருள் எதுவும் வாங்காமல், பழக்கத்தை மாற்றுவதன் மூலமாக மட்டும் ஒரு பள்ளி எவ்வளவு மிச்சப்படுத்துகிறதோ அதில் பாதி பள்ளிக்கு. மறுபாதி நகரத்தின் கருவூலத்துக்கு. தன் பாதியைப் பள்ளி எதற்கு வேண்டுமானாலும் செலவிட்டுக்கொள்ளலாம்.

கேட்பதற்கு வணிகப் பேரம்போல இருக்கும். ஆனால் இந்தப் பேரம் நடக்கவேண்டுமானால் முதலில் ஒரு காரியம் நடந்தாக வேண்டும்: கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதுவரை எங்கோ ஓர் அலுவலகக் கோப்பில் கிடந்த கட்டணச் சீட்டு வகுப்பறைக்கு வந்தது. முந்தைய ஆண்டுகளின் சராசரிச் செலவை அடிப்படையாக வைத்தார்கள். குளிர் கடுமையான ஆண்டையும் மிதமான ஆண்டையும் ஒன்றாக எடைபோடக்கூடாது என்பதால் வானிலைக்கேற்ப அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் எது சேமிப்பு, எது இளங்குளிரின் கொடை என்பது தெளிவாகும். பள்ளிக் கணிதத்தில் விழுக்காடு எதற்காகக் கற்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடைக்குமா?

பிள்ளைகள் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். வெப்பமானியுடன் அறை அறையாகச் சென்று அளவைக் குறித்தார்கள். எந்த அறை தேவைக்குமேல் சூடாக இருக்கிறது, எந்தச் சன்னல் சரியாக மூடுவதில்லை என்று வரைபடம் தயாரித்தார்கள். அறையின் வெப்பத்தை ஒரு பாகை குறைத்தால் சூடாக்கும் செலவில் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்பது அங்கு எல்லோரும் சொல்லும் கைக்கணக்கு. குளிர்காலத்தில் சன்னலை நாள்முழுதும் சற்றே சாய்த்துத் திறந்து வைப்பதைவிட, ஐந்து நிமிடம் அகலத் திறந்து காற்றை மாற்றி உடனே மூடுவது மேல் என்பதையும் கடைப்பிடித்தார்கள். முன்னதில் சுவரும் சேர்ந்து குளிர்ந்துவிடும்; பின்னதில் காற்று மட்டும் மாறும். 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்று இதற்கு ஜெர்மானியர் ஒரு தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்த மனிதர் ஆசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர். 'ஹவுஸ்மைஸ்டர்' எனப்படும் கட்டடப் பராமரிப்பாளர் அவர். கொதிகலன் எப்போது எரிய வேண்டும், வார இறுதியில் எவ்வளவு தணிய வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. பிள்ளைகள் ஆயிரம் விளக்கை அணைத்தாலும், யாருமில்லாத ஞாயிற்றுக்கிழமையன்று கொதிகலன் முழு வேகத்தில் எரிந்தால் எல்லாம் வீண். ஆகவே மாணவர், ஆசிரியர், பராமரிப்பாளர் மூவரும் சேர்ந்த 'ஆற்றல் குழு' இத்திட்டங்களின் அடிப்படை உறுப்பாயிற்று. பள்ளியின் படிநிலையில் கடைசிப் படியில் இருந்தவர், கொதிகலன் அறையின் கதவைத் திறந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இடத்துக்கு வந்தார். சேமிக்கப்பட்ட பணத்தைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஒருமுறை மிச்சப்படுத்திய பிறகு அடுத்த ஆண்டு எதிலிருந்து கணக்கிடுவது? அடிப்படை அளவைக் குறைத்துக்கொண்டே போனால் நன்றாகச் செய்த பள்ளிக்குப் பரிசு சுருங்கும். மோசமாக வீணடித்த பள்ளிக்கு வாய்ப்பு பெருகும். நல்ல மாணவனுக்குத் தண்டனையும் சோம்பேறிக்கு வெகுமதியுமாக முடியக்கூடிய சிக்கல் இது. இதனாலேயே பின்னாளில் சில ஜெர்மானிய நகரங்கள் மிச்சமான தொகைக்குப் பதிலாக, செய்த செயல்களுக்குப் பரிசு தரும் முறைக்கு மாறின.

4

ஹாம்பர்க்கின் முறை எல்லை கடந்த கதைக்கு வருவோம். நாடு கடந்த பள்ளி உறவுகளுக்கான பாதையை 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய 'கொமேனியஸ்' திட்டம் அமைத்துக் கொடுத்தது. குறைந்தது மூன்று நாடுகளின் பள்ளிகள் கூடி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு சேர்ந்து உழைக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. தண்ணீர், கழிவு, ஆற்றல் ஆகியவை அடிக்கடி எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு அந்தப் பெயரே ஆர்வம் தரும். யான் ஆமோஸ் கொமேனியஸ் 1592இல் மொராவியாவில் பிறந்த கல்வியாளர். மதப்போரினால் நாட்டைவிட்டு வெளியேறியவர், வாழ்நாளின் பிற்பகுதி முழுதும் அயல்நாடுகளில் அலைந்து 1670இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார். 1658இல் வெளிவந்த அவருடைய 'உலகைப் படங்களில்' என்னும் நூல், குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடி. சொல்லைக் கற்பிக்குமுன் பொருளைக் காட்டு என்பது அவர் கொள்கை. 'ஆற்றல்' என்ற அருவமான சொல்லைக் கற்பிக்க, சுழலும் மீட்டரைப் பிள்ளைகளுக்குக் காட்டிய ஆசிரியர்கள் அவர் பெயருக்கு உண்மையானவர்களாகவே நடந்துகொண்டார்கள்.

2009இல் பார்சலோனா மாகாண நிர்வாகத்தின் தலைமையில் 'யூரோநெட் 50/50' என்னும் இணைப்பு தொடங்கியது. ஹாம்பர்க்கில் பிறந்த முறையை ஒன்பது படிகளாக வகுத்து, 9 நாடுகளின் 50க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடைமுறைப்படுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீடித்த ஆற்றலுக்கான விருது 2013இல் இதற்குக் கிடைத்தது. தொடர்ந்து 2013 முதல் 2016 வரை நடந்த அடுத்த கட்டத்தில் 13 நாடுகளின் 500 பள்ளிகள் பங்கேற்றன.

எல்லை கடந்து போனது இயந்திரமன்று. ஓர் ஒப்பந்த முறை. கட்டணம் செலுத்துபவரும் பயன்படுத்துபவரும் வெவ்வேறாக இருக்கும் சிக்கல் எல்லா நாட்டிலும் ஒன்றே என்பதால் அந்த முறை எளிதில் வேர்கொண்டது. ஆனால் காலநிலை ஒன்றல்ல. வடக்கில் சூட்டைக் காப்பது பாடம்; மத்தியதரைக் கடலோரத்தில் வெயிலைத் தடுப்பதும் பாடத்தில் சேர்ந்தது. ஒரு நாட்டுப் பிள்ளைகள் தங்கள் அளவீடுகளை மற்றொரு நாட்டாரின் அளவீடுகளுக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது, தங்களுக்கு இயல்பாகத் தோன்றுவது எல்லோருக்கும் இயல்பன்று என்று உணர்கிறார்கள். பள்ளிக் கூட்டுறவின் உண்மையான பயன் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

5

இதுவரை சொன்னது கையில் இருப்பதில் மிச்சம் பிடித்தவர்களின் கதை. மற்றக் கிளை அப்படிப்பட்டதன்று.

1996இல் நார்வேயின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'ஸ்பேர்' என்னும் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. வளங்களையும் ஆற்றலையும் பயன்படுத்துவது பற்றிய பள்ளித் திட்டம் என்பது அப்பெயரின் விரிவு. ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், மால்டோவா, காக்கசஸ் நாடுகள், மத்திய ஆசியா எனச் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த நாடுகளே அதன் களம். பாடநூல், ஆசிரியர் பயிற்சி, நாடுகளுக்கிடையே மாணவர் போட்டி என்று அது வளர்ந்தது.

சோவியத் நகரங்களின் வெப்பமூட்டும் முறையை அறிந்தால்தான் இத்திட்டம் எதை எதிர்கொண்டது என்பது விளங்கும். அனல்மின் நிலையங்களிலிருந்து சுடுநீர் குழாய்களின் வழியாக நகரம் முழுவதற்கும் செல்லும். வீட்டிலோ வகுப்பறையிலோ இருந்த வெப்பமூட்டிகள் பெரும்பாலானவற்றில் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. கட்டணம், பயன்படுத்திய அளவுக்கன்று; அறையின் பரப்புக்கு. அதிகச் சூடாக இருந்தால் செய்யக்கூடியது ஒன்றே: 'ஃபோர்தச்கா' எனப்படும் சிறு சாளரத்தைத் திறந்துவிடுவது. வெளியே பனி உறைந்துகிடக்க, உள்ளிருந்து வெப்பம் தெருவுக்குப் போகும். சிக்கனமின்மை அந்த மக்களின் குணக்கேடன்று. திருகில்லாத குழாயின் விளைவு.

அந்த ஒன்றியம் 1991இல் உடைந்தபோது சூடு மிகையாக இருந்த இடங்களில் சில அடியோடு குளிர்ந்துபோயின. ஆர்மேனியா அவற்றுள் ஒன்று. 1988 டிசம்பரில் அங்கே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின், பாதுகாப்புக் கருதி, மெட்சமோர் அணுமின் நிலையம் 1989இல் மூடப்பட்டது. நகோர்னோ–கராபாக் போர் மூண்டு எல்லைகள் அடைபட்டன. எரிவாயு வரும் வழி அறுபட்டது. 1992 முதல் 1995 வரையிலான குளிர்காலங்களில் மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரமே வந்தது. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குள் விறகடுப்பு வைத்து, புகைக்குழாயைச் சன்னல் வழியாக வெளியே விட்டார்கள். எரவான் நகரப் பூங்காக்களின் மரங்கள் விறகாயின. மரச்சாமான்களையும் புத்தகங்களையும் எரித்துக் குளிர்காய்ந்தவர்களும் உண்டு. 1995இல் அணுமின் நிலையத்தின் ஓர் உலை மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகே நிலைமை சீரடைந்தது. அடுத்த ஆண்டு ஸ்பேர் பிறக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். புத்தகத்தை எரித்துக் குளிர்காய்ந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் போய் 'ஆற்றலைச் சேமியுங்கள்' என்று சொல்ல யாருக்கு உரிமை? சொல்பவர் யார் என்று பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நார்வே தன் மின்சாரம் ஏறத்தாழ முழுவதையும் அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் பெறும் நாடு. 1969இல் கடலடியில் எண்ணெய் கண்டெடுத்துச் செல்வம் கொழித்த நாடு. அந்த எண்ணெய் வருமானத்துக்கென ஏற்படுத்தப்பட்ட நிதியத்தில் முதன்முதலாகப் பணம் போடப்பட்டதும் அதே 1996இல்தான். எண்ணெய் விற்ற பணத்தைச் சேமிக்கத் தொடங்கிய ஆண்டிலேயே, அந்நாட்டின் தன்னார்வச் சங்கம் ஒன்று ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பாடம் எடுக்கிறது. எளிதாக ஏளனம் செய்துவிடலாம்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், 'சேமிப்பு' என்ற சொல்லின் அடியைப் பார்த்தேன். வடமொழி 'க்ஷேமம்' தமிழில் 'சேமம்' ஆயிற்று. நலம், பாதுகாப்பு, காவல் என்பன அதன் பொருள்கள். சேமித்தல் என்றால் முதற்பொருளில் குறைத்துக்கொள்வதன்று; பத்திரமாகக் காப்பது. ஹாம்பர்க்கில் சேமிப்பு என்பது மிகையைக் குறைப்பது. ஆர்மேனியாவிலோ, தஜிகிஸ்தானிலோ ஒரு கிராமப் பள்ளியில் அது கிடைத்த சிறு சூட்டை அறையைவிட்டுப் போகாமல் காப்பது. சன்னல் இடுக்குகளைப் பஞ்சாலும் காகிதக் கீற்றாலும் அடைப்பது, அந்நாடுகளின் பாட்டிமார் இலையுதிர்காலந்தோறும் செய்து வந்த வேலைதான். அதே விறகுக்குக் கூடுதலாக இரண்டு பாகை வெப்பம் கிடைத்தால், அந்தப் பிள்ளை பேனா பிடிக்க முடியும். கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவார் அங்கே யாருமில்லை. கிடைத்த ஊதியம் வெதுவெதுப்பே.

ஆகவே பாடத்தைக் கொண்டு வந்தவர் செல்வர் என்பதால் பாடம் பொய்யாகிவிடாது. ஆனால் இருவரும் ஒரே சுமையைச் சுமக்கிறார்கள் என்று பேசினால் அது பொய்யாகிவிடும். சர்வதேசக் கூட்டுறவுகளின் அறிக்கைகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகிறது. எத்தனை நாடு, எத்தனை பள்ளி, எத்தனை மாணவர் என்ற கூட்டுத்தொகையில் ஹாம்பர்க்கின் மாணவனும் எரவானின் மாணவனும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.

6

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவிலான போரைத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த எரிவாயு படிப்படியாகச் சுருங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் மறு ஆண்டு மார்ச்சு வரை எரிவாயுப் பயன்பாட்டை 15 விழுக்காடு குறைக்க ஒன்றிய நாடுகள் உடன்பட்டன. செப்டம்பர் 1 முதல் ஜெர்மனியின் அரசுக் கட்டடங்களில் அலுவலக அறைகளின் வெப்பம் 19 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று ஆணை வந்தது. பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்கு. 1973இன் ஆணைச் சிக்கனம் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை பள்ளிகளை மூட வேண்டியிருக்கவில்லை.

அதே அக்டோபரிலிருந்து உக்ரைனின் மின் நிலையங்கள் ஏவுகணைகளால் தாக்கப்பட்டன. அங்கே பிள்ளைகள் பதுங்கிடங்களில் கைவிளக்கொளியில் படித்தார்கள். ஒருகாலத்தில் ரஷ்யப் பள்ளிகளும் உக்ரைன் பள்ளிகளும் ஒரே திட்டத்தின் பாடங்களைப் படித்து, ஒரே போட்டிக்குத் தங்கள் கணக்குகளை அனுப்பின. வெப்பமானியைப் பிடித்த அந்தக் கைகள் இப்போது எங்கே, எதைப் பிடித்திருக்கின்றன என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. பள்ளிகளின் நட்பு போர்களைத் தடுத்துவிடும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. தடுக்கவுமில்லை.

பிறகு எஞ்சுவது என்ன? பிள்ளைகள் அணைக்கும் சுவிட்சுகளால் உலகின் வெப்பம் தணிந்துவிடாது. ஒழுகும் சுவரையும் திருகில்லாத குழாயையும் மாற்றவேண்டியவர்கள் பெரியவர்கள், அரசுகள். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் நல்லொழுக்கமாக மாற்றிக் கைகழுவுவது தவறு. ஆனால் கணக்கைக் காணாத ஒருவருக்குப் பொறுப்பு வருவதில்லை; பங்கில்லாத ஒருவருக்குக் கணக்கில் நாட்டம் வருவதில்லை. இதை ஒரு நகராட்சி கொள்கையாக எழுதிவைத்தது என்பதே ஹாம்பர்க்கின் கொடை.

இவற்றைப் படித்து முடித்த வாரத்தில் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்று மின்கட்டணச் சீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். பார்க்கத்தான் என்றேன். மூன்று முறை நடந்தபிறகு ஒரு நகல் கிடைத்தது. இருபது ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தும் அந்தத் தொகையை அன்றுதான் முதலில் பார்த்தேன். என் ஓராண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி அது, ஒரே மாதத்துக்கு.

மறுநாள் வகுப்பில் பாடம் தொடங்குமுன் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, முன்பு என்னைக் கேட்ட அதே மாணவர் எழுந்து கேட்டார்: "குறைத்தால் எங்களுக்குப் பாதி தருவார்களா ஐயா?"

தரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டதைக் கோரிக்கையாக எழுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். கீழே வகுப்பு மாணவர்கள் அனைவரின் கையெழுத்தும் இருக்கிறது. இரவுக் காவலரையும் கேட்டுக் கையெழுத்து வாங்கினோம். எல்லோரும் போனபிறகு விளக்குகளை அணைப்பவர் அவர்தானே.